2090-ஐ அழித்த மளிகைக்கடைக்காரன் எழுதுவது

எண்ணூர்,
செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டம் குறைந்த மதியம்.

'வானவண்டி' சிறுவர் மாத இதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய செங்கொடி அம்மா அவர்களுக்கு,

எண்ணூர் மாசானம் ஸ்டோர்ஸ் மாசானம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் கடையும் சுகம். மகள் ராமசெல்வி உடம்புக்குச் சுகம்தான். என்னோடு பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. தாங்களும், தங்கள் அலுவலகத்தில் பிள்ளைகளின் கையெழுத்தையெல்லாம் கண் நோகப் படிக்கிற அந்தப் பொறுமைசாலியும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

ஏழாம் வகுப்பு படிக்கும் ராமசெல்வி 'கமலியின் மூக்கு' என்ற கதையை உங்கள் அறிவியல் கதைப் போட்டிக்கு அனுப்பியிருந்தாள். அதை நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். குற்றம் அவளுடையது அல்ல, என்னுடையது. இம்மாதம் இருபத்தைந்துக்குள் திருத்தி அனுப்பலாம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போட்டி அறிவிப்போடு, அறிவியல் கதையில் என்னென்ன வகை உண்டு என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். காலப்பயணம், விண்வெளி, ரோபோ, வேற்றுக்கிரகவாசி, மாற்று வரலாறு, கெட்டுப்போன எதிர்காலம் என்று ஆறு வகை. பொருத்தமான கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். வகை பிரிப்பது என்றால் கடைக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? கடலைமாவு பொட்டலம் கட்டிக்கொண்டே அந்தக் கட்டுரையை மூன்று தடவை படித்தேன். நடந்தது நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுவதுதான் மாற்று வரலாறாமே! கோவில்பட்டியில் என் அப்பா அன்றைக்கு மெட்ராஸ் ரயிலைத் தவறவிட்டிருந்தால் நான் இப்போது யார், இந்தக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார் என்று யோசித்து, ஒரு அம்மாவுக்குத் துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். காலப்பயணம் என்றால் என்ன என்று கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற ஷாகுல் ஹமீது பாயிடம் கேட்டேன். "அது இன்னா பெரிய விஷயம் அண்ணாச்சி, நான் தெனம் பண்றேன். வண்டிய லைன்ல போட்ற தேதி ஒண்ணு, ஹார்பர் கேட்டாண்ட போய் நிக்கிற தேதி வேற. நடுவுல கீற நாளெல்லாம் எங்க போச்சுன்னு எனக்கே தெரியாது" என்றார். ரோபோவுக்கு உதாரணம் என் மனைவி கொடுத்தாள். "உங்களத்தான் சொல்லணும். சொன்னா செய்யுதிய, சொல்லலன்னா அப்படியே நிக்கிய." அவள் வாக்குப்படியே சொல்லாததைச் செய்யாமல் நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை அம்மா.

கதை எந்த வகை என்று நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொல்லி நோட்டை மகளிடமிருந்து வாங்கினேன். அப்போது ஃப்ளோரன்ஸ் அக்கா புளி வாங்க வந்தார். கழிமுகத்தில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து வளர்ந்தவர். அனல்மின் நிலைய வெந்நீர் கலந்து கழிமுகத்தில் இறால் அற்றுப்போனதால், இப்போது என் கடைவாசலில் கூடை வைத்து மீன் விற்கிறார். அவர் காதில் விழட்டும் என்று உரக்கப் படித்தேன். 'வருடம் 2090. கமலி தினமும் காலையில் ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து, வாயு நெடி அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பாள். இன்று ஜன்னல் திறக்கலாமா கூடாதா என்று தெருவுக்கே அவள்தான் சொல்ல வேண்டும்.' உடனே ஃப்ளோரன்ஸ் அக்கா, "இதுல இன்னா அதிசயம் கீது? எங்க தெருவுல அந்த வேல நான்தான பாக்குறேன்" என்றார். கமலியின் அம்மா கொடியில் போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் மின்நிலையப் புகையில் சாம்பல் நிறமாகிவிடுகிறது என்று படித்தேன். "எங்க பையன் அஜினுக்கு, சர்ச்சுல மொத தபா நன்மை வாங்குற புதுநன்மைக்கு எடுத்த வெள்ள சட்ட, ஒரே ஒரு நாள் கொடியில கெடந்துது. கோயில்ல சாமியாரு பாத்துட்டு, 'சாம்பல் புதன் இன்னும் வரலியேம்மா'ன்றாரு" என்றார். கழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீர் இருந்த இடத்தில் சாம்பல் படிந்து இப்போது முழங்கால் அளவுதான் என்று வந்தது. "என் முட்டியக் காட்டவா?" என்றார். அடுத்த பக்கத்தில் வெள்ளை உடுப்பு அணிந்த அந்நியர்கள் வந்து, யாரோடும் பேசாமல், குப்பியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மறைகிறார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். சந்தேகமே இல்லை, வேற்றுக்கிரகவாசி வகைதான் என்று பேனாவை எடுத்தேன். "அட நீ வேற அண்ணாச்சி. வந்தாங்க, டெஸ்ட் பண்ணணும்னு புட்டில தண்ணி மோந்தாங்க, பூட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சி. புட்டியும் வர்ல, ஆளும் வர்ல" என்றார் அக்கா.

அதற்குள் எண்ணெய் கேட்டு ஆள் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. மூட்டை வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தே சரக்கைச் சொல்லிவிடுகிறவன் நான், அடிவரைக்கும் கொட்டிப் பார்க்கிற பழக்கமில்லை. ஆனால் படித்தவரைக்கும் எல்லாம் நடந்து முடிந்த சங்கதி. மேலே மட்டும் 2090 என்று தேதி! பழைய பிஸ்கட் பெட்டிக்குப் புதுத் தேதி ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று வந்த ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் நான். என் மகளே இப்படிச் செய்யலாமா? வெள்ளை மை வைத்து 2090-ஐ அழித்து, 'போன வருடம்' என்று எழுதினேன். ஆறு கட்டத்துக்கும் கீழே ஏழாவதாக ஒரு கட்டம் போட்டு, 'நடந்தது' என்று எழுதி டிக் அடித்து, அவளிடம் சொல்லாமலே தபாலில் சேர்த்தேன்.

நோட்டோடு உங்கள் பதில் வந்தது. 'கட்டுரை நன்று. ஆனால் இது அறிவியல் கதை அல்ல, செய்தி. நாளிதழுக்கு அனுப்பவும். கடைசிப் பக்கத்தை மட்டும் சரிபார்க்கவும். செய்தியில் கற்பனை கலக்கக் கூடாது.' ராமசெல்வி அதைப் படித்தாள். "இன்னாப்பா பண்ணி வச்சிகீறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. நோட்டைப் பள்ளிப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாளாக என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கடைத் தராசைப் பார்த்துச் சொல்கிறாள். "தராசே, அம்மா சாப்பிடக் கூப்பிட்றாங்க." தராசு என்ன பதில் சொல்லும்? நான்தான் எழுந்து போகிறேன். ஒரு பிள்ளை ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியதை ஒரு நிமிஷத்தில் வெள்ளையடித்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து 2090-ஐ மறுபடி போட்டு, 'கெட்டுப்போன எதிர்காலம்' என்ற கட்டத்தில் டிக் அடித்து, போட்டியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்: எதிர்காலம் என்பது எந்தத் தெருவிலிருந்து தொடங்குகிறது? உங்கள் தெருவுக்கு இன்னும் வராதது எங்கள் தெருவுக்குப் போன வருடமே வந்துவிட்டால், அந்தக் கதையை எந்த வகையில் வைப்பீர்கள்?

தங்கள் இதழும் அதைப் படிக்கிற பிள்ளைகளும் நன்றாயிருக்க எங்கள் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
மாசானம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஃப்ளோரன்ஸ் அக்கா வந்தார். கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த ராமசெல்வி நோட்டைக் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தை அவருக்கு அவளே படித்தாள். கமலி கழிமுகத்தில் கால் வைக்கிறாள். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. சேற்றைத் தடவுகிறாள், ஒரு இறால், இரண்டு, கை நிறைய. நானும் இப்போதுதான் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் 'நடந்தது' என்று சொன்ன அக்கா கூடையைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு, "இது மட்டும் நடக்கலம்மா. எந்த வருசம் போட்டுகீற?" என்றார். 2090 என்றாள். "அதுவரிக்கும் நான் இன்னாத்த விக்கிறது?" என்று கேட்டார் அக்கா. ராமசெல்வி என் பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்தின் தலையில் 'அடுத்த வருடம்' என்று எழுதினாள். பிறகு தராசைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அப்பா, இத மட்டும் அடிச்சிடாதீங்க" என்றாள்.

ஆகவே மேலே நான் கேட்டதையெல்லாம் தள்ளிவிடுங்கள் அம்மா. 2090 வேண்டாம். முன்பக்கங்களுக்குப் போன வருடமே இருக்கட்டும். எந்த வகை என்று நீங்களே கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்துத் தேதியை மட்டும் தயவுசெய்து யாரும் தள்ளிப்போட வேண்டாம்.