ஏரலுக்குப் போன கேசட்

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கிட்டார் வாசிக்கிறவனுக்குத் தன்னைவிடப் பெரிய வித்வான் ஊரில் கிடையாது என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியது இருபத்தேழாவது வயதில், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) பாடகர் குழுவோடு கிட்டார் வாசிப்பேன். ஏரலில் இருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் எஸ்தர், கணக்கு டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குச் சம்மதம். (அந்தப் போட்டோவை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு நாலு நாள் ஆனது.)

பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குடும்பம், சம்பளம், பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்துத் திருப்திப்பட்டவர், கிட்டார் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார். இரு வீட்டுக்கும் நடுவில் பேசியவர் ஏரலில் ஜவுளிக்கடை வைத்திருந்த தங்கையா அண்ணாச்சி. அவர்தான் வந்து சொன்னார்.

“சார்வாளுக்கு எல்லாம் பிடிச்சிருக்கு. கிட்டாருதான் இடிக்கி. தறுதலப் பயலுவ சாமான்லா அதுன்னு கேக்காரு. நீ கோயில்ல பாடுத ஞானப்பாட்டு மூணு வாசிச்சு ஒரு கேசட்டு குடு. கேட்டுட்டுத்தான் மேக்கொண்டு பேசுவாராம்.”

ஆக, என் யோக்கியதைக்கு நற்சான்றிதழ் கேசட்டில் போக வேண்டும். என்னுடையதோ எலக்ட்ரிக் கிட்டார். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாவிட்டால் அதன் சத்தம் அடுத்த அறைக்குக்கூடப் போகாது. என்னிடம் இருந்த ஆம்ப் வாசித்ததைவிட அதிகம் இரைந்தது. அதைக் கேட்டால் சார்வாளின் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து, கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா மகன் ஸ்டீபன் லீவில் வந்தான். அவன் பெட்டியில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவி இருந்தது. டிஜிட்டல் ஆம்ப் மாடலர் என்றான். பெரிய பெரிய ஆம்ப்கள் எப்படிப் பேசுமோ அப்படியே அது பேசிக் காட்டும். ஒரு குமிழைத் திருப்பினால் ஓர் ஆம்ப், இன்னும் கொஞ்சம் திருப்பினால் வேறு ஆம்ப். அதிலிருந்து ஒரு வயரை நேரே டேப் ரிக்கார்டரில் சொருகினால் போதும்.

“மைக்கே வேண்டாம்லே. பக்கத்துல நின்னு வேட்டு போட்டாலும் கேசட்டுல விழாது” என்றான். “வயர மட்டும் நல்லா அழுத்திச் சொருகு. இல்லன்னா டேப்புல இருக்க மைக்கு முழிச்சிக்கிடும்.”

முதல் வாக்கியம் மட்டும் என் மண்டையில் ஏறியது.

ஒரு வாரத்துக்கு இரவல் கிடைத்தது. அதில் ஐந்து நாளை, ஞானப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத, இடி இடிக்கிற ஆம்ப் சத்தங்களில் கழித்தேன். எல்லாம் ஹெட்போனுக்குள்தான். வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டது வெறும் கம்பியின் ‘டிங் டிங்’. ஒருவன் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருந்தால் பெற்றவள் என்ன நினைப்பாள்? அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி கேசட் வாங்க வந்துவிட்டார். அதுவரை செய்த பதிவுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பிசகு இருந்தது. “பஸ்ஸுக்கு நேரமாச்சுலே, சட்டுன்னு முடி” என்று அவர் முன்னறையில் உட்கார்ந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஹெட்போனை மாட்டி, கடைசித் தடவையாக வாசித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படியொரு வாசிப்பு என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிசிறு இல்லாத, கனிந்த சத்தம். எனக்கே கண் கலங்கிவிட்டது. போட்டுக் கேட்க நேரமில்லை. கேசட்டை உருவி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் போனபிறகுதான் பார்த்தேன். ஸ்டூலை இழுத்தபோது வயர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் ‘அதனாலென்ன’ என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை அண்ணாச்சி கேசட்டோடு திரும்பி வந்தார். “ஏலே, என்னத்தலே குடுத்துவிட்ட?” என்று கேட்டுவிட்டு, எங்கள் டேப்பிலேயே போட்டார். கிட்டார் இல்லை. ஸ்டீபன் சொன்ன டேப் மைக் முழித்துக்கொண்டிருக்கிறது. டிங் டிங். அதன்மேல் ஸ்ருதியோடு எந்த உறவும் இல்லாமல் ஒருவன் முனகுகிறான். (நான்தான். ஹெட்போன் போட்டுக்கொண்டு பாடுகிறவனுக்குத் தன் குரல் கேட்காது.) இதற்கெல்லாம் மேலே, பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவும், எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை ரூபி அத்தையும் கணீரென்று பேசுகிறார்கள்.

அத்தை சொல்கிறாள்: “மயினி, பொண்ணு இவனுக்கு ஒரு வயசு மூப்பாம்லா.”

“இருந்துட்டுப் போட்டும். இந்தப் பய இன்னும் துண்டு எங்கன கெடக்குன்னு என்கிட்டத்தான் கேக்கான். மூத்தவ வந்தாத்தான் சரிப்படும்.”

“கல்யாணத்துக்குப் பொறவு டீச்சர் வேலைய விடச் சொல்லிரணும்.”

“எதுக்கு விடணும்? நான் விட்டேன்லா, என்னத்தக் கண்டேன்? அந்தப் பிள்ள வேலைக்குப் போட்டும். சோறு நான் பொங்கிப் போடுதேன்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் டீச்சராக இருந்தது எனக்குத் தெரியும். விட்டதில் அவளுக்கு வருத்தம் இருந்தது அன்றுவரை தெரியாது, கேட்டதும் இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அப்போதைய கவலை வேறு. பெண்ணின் வயதைப் பற்றிப் பேசியதை அந்த வீட்டுக்கே பதிவு செய்து அனுப்பியிருக்கிறோம். காரியம் கெட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: “வீட்டோட உக்காந்து கேட்டாவ. சார்வாள் பாதியிலயே நிறுத்தப் போனாரு. அந்தப் பிள்ளதான் ‘முழுசும் ஓடட்டும்ப்பா’ன்னு சொல்லிச்சு. வேலைய விடமாட்டேன்னு சொல்லி ரெண்டு எடம் தட்டிப்போச்சாம்லா அதுக்கு. ஒங்கம்மா பேசுனத மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுச்சு.”

“சார்வாள் என்ன சொன்னாரு?” என்றேன்.

“கிட்டாரப் பத்தி இனிமே பயம் இல்லைன்னாரு. இவ்வளவுதான் சத்தம் வரும்னா வாசிச்சுட்டுப் போட்டும்னுட்டாரு.”

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் நடந்தது. எஸ்தர் வேலையை விடவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். நடுவில் நான் போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

ஏரலில் இன்றும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் உட்கார்ந்ததும் மச்சினன்மார் காற்றில் விரலை ஆட்டி ‘டிங் டிங்’ என்பார்கள். புதிதாக வந்த யாராவது எஸ்தரிடம், “அவர் கிட்டார் வாசிச்சதக் கேட்டுத்தான் சம்மதிச்சீங்களாமே?” என்று கேட்டால், அவள் முகத்தை இம்மியும் மாற்றாமல் பதில் சொல்வாள்.

“கிட்டாரா? நான் எங்க மாமியாருக்குத்தான் சம்மதம் சொன்னேன். இவுக சும்மா கூட வந்தாக.”