தோளில் ஒரு சீன எழுத்து

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். மேல்கம்பியைப் பிடித்து நிற்பவர்களில் ஒருவர், சட்டைக் கையைத் தேவைக்கு மேல் சுருட்டிவிட்டிருப்பார். அவர்தான் தோளில் பச்சை குத்திக்கொண்ட சீன எழுத்துக்காரர். புழுக்கத்துக்காகச் சுருட்டியதாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகச் சுருட்டியது. கேட்டுத் தொலையுங்களேன், பாவம்!

"சீனமா, ஜப்பானா?"

"ரெண்டுலயும் ஒண்ணுதான் சார்."

"தமிழ்லயே குத்திக்கிட்டிருக்கலாமே?"

"தமிழ்ல குத்தினா எல்லாரும் படிச்சிடுவாங்களே சார்!"

இதற்கு மேல் என்ன சொல்வீர்கள்? எழுத்து என்பது படிப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்த நம்மைத்தான் உதைக்க வேண்டும்.

இந்த இனத்தில் நான் நெருங்கிப் பழகியவன் விஸ்வா. நீடாமங்கலத்துப் பையன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பச்சை குத்தும் கடையின் ஆல்பத்தில் அழகாகத் தெரிந்த ஒன்றைக் காட்டி, வலது தோளில் குத்திக்கொண்டு வந்தான். அர்த்தம்? அது கேட்கிற ஆளைப் பொறுத்தது. அழ ஆரம்பித்த அம்மா மதுரத்திடம், "அம்மான்னு எழுதியிருக்கும்மா" என்றான். அழுகை நின்று ஊரெல்லாம் பெருமை பேசினாள். ஆபீஸ் மேனேஜரிடம் 'உழைப்பு'. ஜிம்மில் 'புலி'. பெண் பார்க்கப் போன இடத்தில் முழுக்கைச் சட்டையையும் மீறி விஷயம் கசிந்து, பெண்ணின் அப்பா கல்யாணம் முகத்தைச் சுளித்தபோது, கூசாமல் 'நேர்மை' என்றான். பெண் ஸ்ம்ருதியிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நினைவுன்னு அர்த்தம். உன் பேர்தான். உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே குத்திண்டுட்டேன் பாரு" என்றான். அவள் உருகித்தான் போனாள்.

எல்லாம் சரி. ஆனால் நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மேல்சட்டை கிடையாதே! அதை அவன் யோசிக்கவில்லை.

மாலை மாற்றும்போது அங்கவஸ்திரம் நழுவியது. மதுரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பாருங்கோ, அம்மான்னு குத்திண்டிருக்கான்!"

"நேர்மைன்னுன்னா என்கிட்ட சொன்னார்?" என்றார் கல்யாணம்.

ஸ்ம்ருதி தூக்கிய மாலையை அப்படியே நிறுத்தினாள். நாதஸ்வரக்காரரும் நிறுத்திவிட்டார்.

"என் பேர்னேளே. எதுதான் நிஜம்?"

"சத்தியமா தெரியாது ஸ்ம்ருதி. பாக்க அழகா இருந்தது. நல்லதாத்தான் இருக்கும்."

மண்டபமே சிரித்தது. கல்யாணம் மட்டும் சிரிக்கவில்லை. "அர்த்தம் தெரியாம ஒரு மனுஷன் உடம்புல குத்திப்பானா? படிச்சவன்தானே?" என்று குதித்தார்.

ஸ்ம்ருதி மாலையைப் போட்டாள், கண்ணைப் பார்க்காமல். "இது சபைக்காகப் போடறேன். தாலிக்குக் கழுத்தை நீட்டறதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன்."

விஸ்வாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

சாஸ்திரிகளுக்கு முகூர்த்தக் கவலை. கன்னிகாதானத்துக்கு எல்லோரையும் உட்காரவைத்து மந்திரத்தை ஆரம்பித்தார். கல்யாணம் கண்ணை மூடிக்கொண்டு, கணீரென்று, வரிக்கு வரி திருப்பிச் சொன்னார். என்ன பக்தி, என்ன குரல்!

அவர் மடியில் உட்கார்ந்திருந்த ஸ்ம்ருதி மெல்லக் கேட்டாள்: "அப்பா, இப்ப சொன்னேளே, அதுக்கு என்ன அர்த்தம்?"

கல்யாணம் ஒரு கண்ணைத் திறந்து சாஸ்திரிகளைப் பார்த்தார். சாஸ்திரிகள் தேங்காயைப் பார்த்தார்.

"நல்லதாத்தான் இருக்கும்மா."

ஸ்ம்ருதி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கழுத்தையும் நீட்டினாள்.

அந்த எழுத்தின் அர்த்தம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. "எங்கள் தோள் சுத்தமாக இருக்கிறது, எங்களுக்கென்ன?" என்கிறீர்களா? உங்கள் கல்யாண வீடியோ வீட்டில் எங்காவது இருக்கும். எடுத்துப் போட்டுப் பாருங்கள். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிவையுங்கள்.