மெக்கானிக் வீட்டு ஃப்ரிட்ஜ்

ஊரில் எத்தனையோ ஃப்ரிட்ஜுகளுக்கு உயிர் கொடுத்த மெக்கானிக், தன் வீட்டு ஃப்ரிட்ஜை மட்டும் கொன்றுவிடுவது என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவு கட்டினார். நிஜமாகக் கொல்ல மனசு வரவில்லை. நல்ல கம்ப்ரஸர். வாயாலேயே கொன்றால் போதும் என்று வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை அவர் மனைவி வேலைக்குத் திரும்புகிறாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. "திங்கட்கிழமை வரலேன்னா அந்த நாற்காலியில வேற ஆளை உட்கார வெச்சிடுவேன்" என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த நாற்காலி என்றால் உயிர். மெக்கானிக்கின் பட்டறை வீட்டு முன்னறையிலேயே இருந்ததால், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் மடியில் வந்து விழுந்தது. விழுந்தபோது "அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்" என்று சொன்னவரும் அவரேதான். அப்போது குழந்தை பிறந்திருக்கவில்லை.

பிறந்த பிறகுதான் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தது. ஒரு கத்துக் கத்தினால் வீடே எழுந்து நிற்கும். சின்ன முதலாளி என்று பெயரே வைத்துவிட்டார் மெக்கானிக். ஆளுயர ஃப்ரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மாடிப்படி ஏறுகிறவர், சின்ன முதலாளியைத் தூக்கச் சொன்னால் மட்டும் இரண்டடி பின்னால் போய் நிற்பார்.

மனைவியோ ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். விடிந்தும் விடியாமலும் எழுந்து, தாய்ப்பால் எடுக்கிற மெஷினை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். 'டொக்கு டொக்கு' என்று அது ஓடும். "மோட்டார் நல்ல மோட்டார்" என்று மெக்கானிக் புரண்டு படுத்துக்கொண்டே பாராட்டுவார். கண் எரிய, இடுப்பு வலிக்க உட்கார்ந்திருந்தால் சில நாள் ஒரு பை நிறையும். சில நாள் பையின் அடியில் ஈரம் மட்டும்தான் மிஞ்சும். அவள் இல்லாத பகலில் குழந்தைக்குக் கொடுக்க அப்படிச் சேர்த்த பைகள் ஃப்ரீசரில் தேதி எழுதி வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா வைக்கக்கூட அவருக்கு அனுமதி கிடையாது.

இன்னொரு குறையும் இருந்தது அவருக்கு. வேலைச்சட்டையின் பித்தளைப் பட்டன் ஒன்று வயிற்றுக்கு நேராக அறுந்து ஒரு வாரமாயிற்று.

"என் பட்டன் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருந்தா போதுமா? தைக்க வேணாமா? வயிறு வெளிய எட்டிப் பாக்குது."

"அதுக்கும் காத்து வேணும்ல. பாக்கட்டும்."

இனி வேலைக்கும் போய்விட்டால் அந்தப் பட்டன் இந்த ஜென்மத்தில் ஏறாது என்று அவருக்குத் தோன்றியது.

அன்று மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் அவள் வரும் நேரம் பார்த்து மெக்கானிக் வேலையில் இறங்கினார். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டார். அதன் காலடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பழைய துணியைப் பரப்பினார். ஸ்பானர்களைச் சுற்றிலும் இறைத்தார். கடைசியாகக் கண்ணாடி முன்னால் நின்று மூக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டார். போதாது என்று தோன்றியதால் கன்னத்திலும் தடவினார்.

மனைவி குழந்தையோடு உள்ளே வந்தாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு மாடிவீட்டு அக்காவும் கூடவே வந்தாள்.

"என்னங்க இது?"

மெக்கானிக் தலையைத் தொங்கப் போட்டார். "மனசைத் திடப்படுத்திக்கோ."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஃப்ரிட்ஜுக்கு. நீ அந்தப் பக்கம் போனே, இது இந்தப் பக்கம் நின்னு போச்சு. நான் வெளிய வேலைக்குப் போயிட்டேன். வந்து பாக்கிறேன், ஃப்ரீசர் முழுக்க உருகித் தண்ணி. உயிரைக் கொடுத்து மறுபடி ஓட வெச்சிருக்கேன். பாலெல்லாம் திரும்பவும் உறைஞ்சிடுச்சு. ஆனா உருகி உறைஞ்ச பாலைக் குழந்தைக்குக் குடுக்கக் கூடாதாமே."

"கூடாது" என்றாள் மனைவி. குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஃப்ரீசரைத் திறந்தாள். பைகளுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ நகர்த்தி, கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக மூடினாள். பாவம், அழுகையை அடக்குகிறாள் போல என்று நினைத்தார் மெக்கானிக்.

"அதனால நீ என்ன பண்றேன்னா," என்று ஆறுதலாக ஆரம்பித்தார், "கடைக்குப் போன் போட்டு ஒரு மாசம் கழிச்சு வரேன்னு சொல்லிடு. நிதானமா மறுபடி சேத்துக்கலாம்."

"எதுக்குத் தம்பி ஒரு மாசம்?" என்றாள் அக்கா. "இன்னிக்கும் நாளைக்கும் எடுக்கிற பாலை என் ஃப்ரீசர்ல வெச்சா திங்கட்கிழமைக்கு ஆச்சு. என்னுது கல்லு மாதிரி இருக்கு."

இதை மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. "உங்க ஃப்ரிட்ஜா? ஐயோ, அதை நம்பாதீங்க. எப்ப வேணா நின்னுடும்."

"போன மாசம்தானே நீங்க பாத்தீங்க? பத்து வருஷத்துக்குக் கவலையில்லைன்னு சொன்னீங்க?"

"அது... அப்ப சொன்னது."

"அப்ப நீங்க பாத்த வேலை சரியில்லேங்கிறீங்க?"

"சரியான வேலைதான். ஃப்ரிட்ஜுதான் சரியில்லை."

"எதிர்வீட்டு ஃப்ரிட்ஜும் நீங்கதான் பாத்தீங்க. கோடிவீட்டுதும் நீங்கதான். ஒரு வார்த்தை எல்லாருக்கும் சொல்லி வெச்சிடறேன், ஜாக்கிரதையா இருக்கட்டும்."

"அக்கா! அக்கா! வேணாம்! உங்க ஃப்ரிட்ஜு தங்கம்!"

"இப்பத்தானே நம்பாதீங்கன்னீங்க?"

"தங்கத்தையே நம்ப முடியாத காலம்க்கா இது."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கில் இருந்த கிரீஸை இன்னும் நன்றாகப் பார்த்தாள். குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

 மனைவி சின்ன முதலாளியைத் தொட்டிலில் போட்டாள். ஃப்ரீசரைத் திறந்து ஒரு கை நிறையப் பைகளை அள்ளினாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சமையலறைத் தொட்டிப் பக்கம் நடந்தாள்.

"எங்க போறே?"

"கெட்டுப்போன பாலை வெச்சு என்ன பண்றது? வெட்டி ஊத்திட்டுப் பையைக் குப்பையில போடறேன்."

மெக்கானிக்கின் திட்டத்தில் இந்தக் காட்சி இல்லை. பெருமூச்சு விடுவாள், கடைக்குப் போன் போடுவாள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பாள் என்பது வரைக்கும்தான் அவர் யோசித்திருந்தார். பால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. முதல் பை தொட்டிக்கு மேலே போனது. கத்தரிக்கோல் வாயைத் திறந்தது. விடியற்காலையில் கட்டில் ஓரத்தில் தூங்கி விழுந்துகொண்டே அவள் உட்கார்ந்திருந்த கோலம் அவர் கண்முன்னால் வந்து நின்றது.

"நிறுத்து!"

"ஏன்?"

"அது... கெட்டிருக்காது."

"உருகிடுச்சுன்னீங்களே?"

"கொஞ்சமா உருகுச்சு."

"தண்ணியாயிடுச்சுன்னீங்க."

"ஓரத்துல மட்டும்."

"ஓரத்துல உருகினாலும் கொட்டத்தான் வேணும்." கத்தரிக்கோல் பையின் மூலையைக் கவ்வியது.

"உருகவே இல்லடி! எல்லாம் பொய்! ஃப்ரிட்ஜு நிக்கவே இல்ல! தண்ணி நான் ஊத்தினது! கிரீஸ் கண்ணாடி பாத்துப் பூசினது!" மெக்கானிக் பாய்ந்து பையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பட்டன் இல்லாத இடத்தில் ஐஸ் பட்டு ஒரு துள்ளுத் துள்ளினார்.

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எதுக்குங்க இதெல்லாம்?"

"பயமா இருக்கு" என்றார் மெக்கானிக். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சின்னதாகிவிட்டது. "நீ போயிட்டா நானும் அவனும் தனியா. அவன் அழுதா எதைக் கழட்டிப் பாக்கிறது? எந்தச் சத்தத்துக்கு என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியலையே."

"எனக்கு மட்டும் தெரியுமா? அழுதா தூக்குவேன். நிறுத்தலேன்னா பால் குடுப்பேன். அதுக்கும் நிறுத்தலேன்னா நானும் சேந்து அழுவேன். அவ்வளவுதான்."

"அழறதுன்னா நானும் அழுவேன்."

"அப்ப வேலை தெரிஞ்ச ஆள்தான் நீங்க."

பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அவள் திரும்ப ஃப்ரீசரில் அடுக்கினாள். மெக்கானிக்கும் கூட நின்று எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அவர் மனதை அரித்தது.

"ஏம்மா, நான் கத்தாம இருந்திருந்தா நிஜமாவே கொட்டியிருப்பியா?"

"நான் ஏன் கொட்டப் போறேன்? ஃப்ரீசரைத் திறந்தப்பவே தெரிஞ்சு போச்சே." பைகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். கிண்ணம் நிறைய ஐஸ். ஐஸின் மேல் பளபளவென்று ஒரு பித்தளைப் பட்டன், வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக்குக் காது சூடாகிவிட்டது. வெளியூர் போகிற வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் அவரே சொல்லிக் கொடுக்கிற வித்தை அது. கிண்ணத்துத் தண்ணீரை உறைய வைத்து, மேலே கனமாக ஏதாவது ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். ஃப்ரீசர் இடையில் நின்று ஐஸ் உருகியிருந்தால், மறுபடி உறைந்தாலும் அது அடியில் கிடக்கும். கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக் காட்டியதும் அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இது என் பட்டனாச்சே!"

"பத்திரமா இருக்குன்னு சொன்னேன்ல." கிண்ணத்தோடு ஊசியையும் நூலையும் நீட்டினாள் மனைவி. "திங்கட்கிழமை அவன் தூங்குறப்ப நீங்களே தைச்சுக்கோங்க. அதுவரைக்கும் இதை மேஜை மேல வெச்சுக்கிட்டு எதிர்ல உக்காருங்க. உருகிப் போறதுன்னா எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது நேர்ல பாத்த மாதிரி இருக்கும்."