எங்கள் தெருவில் குடியிருந்த அமெரிக்கா

லண்டன் ரெய்னர்ஸ் லேனில், எங்கள் தெருவைப் பொறுத்தவரை, அமெரிக்கா என்பது ஒரு நாடு அல்ல. எங்கள் எதிர்வீட்டில் மப்ளர் கட்டிக்கொண்டு வசித்த ஒரு மனிதர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நியூ ஜெர்சியில் பல வருடம் உழைத்து, அந்நாட்டுக் குடியுரிமையோடு மகளுக்கு அருகில் இருக்க லண்டன் வந்தவர். தெருவில் அமெரிக்க வாக்கு இருந்த ஒரே ஆள். அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. அமெரிக்கா அண்ணை, அவ்வளவுதான்.

எதையும் அந்நாட்டின் சார்பில்தான் பேசுவார். மரக்கறிக் கடையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தபடி, "இந்தமுறை வட்டியைக் குறைக்கிற யோசினை எங்களுக்கு இல்லை" என்பார்.

"அண்ணை, என்ர மருமகனுக்கு உங்கட ஆக்கள் விசா குடுக்கேல்லை" என்று முறையிடுவார் கடைக்காரர் தவம்.

"பாப்பம். முதல் இந்த முத்தலை மாத்தித் தாரும்."

உக்ரேனில் போர் மூண்டபோது, ஒக்ஸானா என்ற பெண்ணை மேல்மாடி அறையில் வாடகையில்லாமல் குடிவைத்தார். அவளுடைய கணவன் போர்முனையில் இருந்தான். "நாங்கள் ஆயுதமே குடுக்கிறம். ஒரு அறை குடுக்க மாட்டமோ?" என்றார்.

பிறகு அமெரிக்கத் தேர்தல் வந்தது. அண்ணை ஒரு வேட்பாளரின் பரம பக்தர். அந்த வேட்பாளர் ஒருநாள் மேடையில், உக்ரேன் உட்பட நேச நாடுகளுக்கு இனி உதவி இல்லை என்று பேசினார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களைக் கையைப் பிடித்து எழுப்பிவிடுவது போன்ற பேச்சு. கூட்டம் கைதட்டியது. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது இப்படியும் ஒருவர் பேசுவாரா? வானிலை, சமையல், பஸ் தாமதம் என்று ஒன்று விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அன்று தேதியை மட்டும் எழுதி மூடிவிட்டேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு வாசலில் ஒக்ஸானாவின் சூட்கேஸ் நின்றது. வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

"அது மேடைக் கதை, பிள்ளை. கைதட்டலுக்குச் சொல்லுறது" என்று அண்ணை தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"என் கணவர் பதுங்குகுழியில் இருந்து கேட்டார்" என்றாள் ஒக்ஸானா ஆங்கிலத்தில். "கைதட்டலும் அவருக்குக் கேட்டது."

அடுத்து அண்ணை செய்ததுதான் அதிர்ச்சி. "அவருக்கு ஒருக்கா போன் போடு" என்றார். திரையில் சேறும் தாடியுமாக ஓர் இளைஞன் தெரிந்தான். அண்ணை மப்ளரைக் கழற்றி, நிமிர்ந்து நின்று, ஆங்கிலத்தில் அறிவித்தார்: "சேர், நான் அமெரிக்கா. நேற்று நாங்கள் பேசியது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

இளைஞன் மனைவியிடம் ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னதும் பலமாகச் சிரித்தான். இணைப்பு அறுந்தது.

"தேர்தல் வரைக்கும் இருக்கிறேன்" என்றாள் ஒக்ஸானா. "உங்கள் ஆள் வென்றால் இந்த வீட்டில் இருக்க மாட்டேன்."

அண்ணையே சூட்கேஸை மாடிக்குத் தூக்கினார். பாதிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, நாரி பிடிச்சிட்டுது! ஒருக்கா தள்ளும்!" என்று அலறினார். அமெரிக்காவுக்கு நான்தான் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தேன்.

தேர்தலில் அந்த வேட்பாளரே வென்றார். "அண்ணையின்ர ஆள் வெண்டிட்டார், லட்டு எங்க?" என்று தவம் கடையில் கத்தினார். அண்ணை கடைப்பக்கமே வரவில்லை. அவருக்கு நாலு வார்த்தை சூடாகச் சொல்லிவிட்டு, ஒக்ஸானாவை என் வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்று போனேன்.

அண்ணை மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லையாம்.

"தங்கச்சி, நான் அவருக்குப் போடேல்லை. எதிர்ப்பக்கத்துக்குத்தான் போட்டனான். என்ர ஒரு வோட்டாலை ஏலாமல் போச்சு."

கோடிக்கணக்கானவர்கள் எழுதிய முடிவை, அந்த மனிதர் தன் ஒருவரின் தோல்வியாகச் சுமந்துகொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து ஒக்ஸானா ஏப்ரனோடு வந்தாள். வாசலில் இந்தமுறை சூட்கேஸ் இல்லை. அண்ணையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அவரிடமே கற்ற தமிழில் சொன்னாள்: "அண்ணை, சாப்பிட வாங்கோ. சூப் ஆறுது."

சூடாக நாலு வார்த்தை சொல்லப் போன நான், அவருக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.