எங்கள் ஆபீஸ் தாழ்ப்பாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். ஒரு லாரி வாங்கினேன், அது இருபதானது. கண்டெய்னர் யார்டு போட்டேன், கிளியரிங் ஏஜென்சி தொடங்கினேன். 'உப்புக்காத்துல கம்ப்யூட்டர் துருப்பிடிச்சிரும்' என்று சிரித்தவர்கள் முன்னால் ஏசி அறை கட்டி சர்வரும் வைத்தேன். இத்தனையும் கட்டிய என்னையே வெளியே நிறுத்திய ஆள் தூத்துக்குடியில் ஒருவர்தான். சர்வரைப் பார்த்துக்கொண்ட அவரை ஆபீஸே 'தாழ்ப்பாள்' என்றுதான் கூப்பிடும்.

யாருக்குப் புது ஐடி போட்டாலும் ஆபீஸுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைய முடியாது. ஐடி பிறக்கும்போதே அதற்கு அவர் போட்ட சட்டம் அது. வேண்டுமென்றால் அவர் மேசை முன் நின்று, எங்கிருந்து, எதற்கு, எத்தனை மணி வரை என்று சொல்ல வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டு திறப்பார். சாயங்காலம் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடைப்பார்.

மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போன மேனேஜர் அங்கிருந்து போன் போட்டார்.

"ஏம்வே, ஒரு டெலிவரி ஆர்டர் போடணும். என் ஐடியைத் திறந்து விடும்."

"நேர்ல வந்து கேளும், திறக்கேன்."

"நேர்ல வந்துட்டா அங்கனயே போட்டுருவேனே! பிறகு என்னத்துக்குவே திறக்கணும்?"

"அப்போ திறக்க வேண்டாம்லா?"

பாவம், பாதித் திருவிழாவில் பஸ் ஏறி வந்தார் மனுஷன்.

நானும் ஒருமுறை சென்னையில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டேன். என் சரக்கு எந்தக் கப்பலில் ஏறியது என்று என்னாலேயே பார்க்க முடியவில்லை. கொதித்துக்கொண்டு வந்து இறங்கினேன்.

"இங்கன முதலாளி நானாவே, நீரா?"

"நீங்கதான் அண்ணாச்சி. அதான் முதல்ல உங்க ஐடியை அடைச்சேன். பாஸ்வேர்டு உங்க முதல் லாரி நம்பருல்லா? ஊருக்கே தெரியுமே!"

ஆபீஸ் சிரித்தது. எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"இனிமே எவனுக்கு ஐடி போட்டாலும் எங்கன இருந்தும் வார மாதிரிதான் போடணும்."

"கேட்டவனுக்குத் திறக்கலாம் அண்ணாச்சி. கேக்காதவனுக்கும் திறந்து வச்சா, திறந்து கெடக்கதே நமக்குத் தெரியாது. அப்படித்தான் வேணும்னா எழுதிக் குடுங்க."

"என் வாய்ச்சொல் போதும்வே!"

மாற்றினார். அதன் பின் சரக்கைச் சோதிக்க ஒரு சர்வேயர் மூன்று நாள் வந்து போனார். அவருக்குப் போட்ட ஐடி வெளியிலிருந்து நுழையத் திறந்தபடியே பிறந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதனால் நோட்டில் ஏறவில்லை. அதனால் சாயங்காலம் யாரும் அடைக்கவுமில்லை. அந்த வழியாக எவனோ புகுந்து எங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிப் போட்டான். காகிதம் எடுக்க வழியில்லாமல் கண்டெய்னர்கள் யார்டில் நிற்க, கப்பல் போய்விட்டது.

சரக்குக்காரர்கள் கூடியிருந்த அறையில் மேனேஜர் கேட்டார். "யாருவே திறந்து வச்சது?"

தாழ்ப்பாள் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார். அன்றைக்கே வேலையை விட்டுப் போனார்.

திரும்பக் கூப்பிட எத்தனையோ தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. போன வாரம் பெரியதாழைக்கு அவர் வீட்டுக்கே போனேன். வேலை தேடித் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி தந்தார்.

"எங்கன போனாலும் 'சர்வரைத் திறந்து போட்ட ஆளுல்லா'ன்னு திருப்பி அனுப்புதாவ அண்ணாச்சி. ஆனா அவிய, உங்களப் பத்தி ஒரு சொல்லு பேச எங்கள விட மாட்டாவ."

ஆபீஸ் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அவரைப் போல ஒருவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். திறக்கச் சொன்னது நான். கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. அதை என் பெயரில் எழுதுங்கள், அவர் பெயரில் எழுதாதீர்கள்.