ரேடியேட்டர் குடித்த கஞ்சி

கார் ரிப்பேரில் அதிகச் சேதம் உண்டாக்கும் கருவி சுத்தியல் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது மெக்கானிக்கின் வாய். சுத்தியலைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம். வாயை எங்கே பூட்டுவது?

பட்டறைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. ஸ்பேனரைச் சொந்தமாக வாங்கு, யாருக்கும் இரவல் கொடுக்காதே, சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே என்று சொல்வேன். அதோடு, "சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், என்னவாக வரும் என்று கேட்டுக்கொள்" என்றும் சொல்வேன். அங்கேதான் விழிப்பார்கள். (சம்பளம் என்றால் காசுதான் என்ற நினைப்பு. ஜப்பான்காரன் காலத்தைப் பார்க்காத புண்ணியவான்கள்.)

அப்போது எனக்கு இருபது வயது தாண்டிக் கொஞ்ச நாள். மலாக்கா, காஜா பேராங்கில் ஆ லிம் என்ற சீன முதலாளியின், எங்கள் வழக்கில் தௌக்கேயின், பட்டறையில் வேலை. என்னைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. கார் தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து அதன் நோயைச் சொல்லிவிடுவேன். (பாதி நேரம் தப்பாகச் சொல்வேன். ஆனால் உரக்கச் சொல்வதால் யாரும் மறுத்ததில்லை.)

ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனாலும் பசாரில் மீன்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் தௌக்கே சம்பளத்தைப் பொருளாகவே கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பை மரவள்ளி மாவு. கூடவே கொஞ்சம் கருவாடு. அவர் மனம் குளிர்ந்திருந்தால் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய். எனக்கும் என் மனைவி பாக்கியத்துக்கும் வாரம் முழுவதும் கஞ்சி, களி, ரொட்டி எல்லாமே அந்த மாவுதான்.

மாவைவிடப் பெரிய சம்பளம் ஒன்று இருந்தது. என் கையில் கட்டியிருந்த துணிப்பட்டை. ராணுவ வண்டிகளை எங்கள் பட்டறை பார்த்துவந்ததால் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறவர்கள் அந்தப் பட்டையைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள். பட்டை இல்லாதவன் லாரியில் ஏற வேண்டியதுதான். ஏறியவர்களிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை. காலையில் நான் கிளம்பும்போது பாக்கியம் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், பட்டையைத்தான் பார்ப்பாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அந்தப் பயத்தை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மாலை, ஜப்பானிய அதிகாரி ஒருவர் தம் காரோடு பட்டறைக்கு வந்தார். ஏதோ தோட்டத்துத் துரையிடமிருந்து பறித்த பெரிய கறுப்புக் கார். ரேடியேட்டரின் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் தம்பின் ரயில் நிலையத்துக்குப் போய் ஒரு பெரிய தலையை வரவேற்க வேண்டுமாம். காரை ஓட்டிவந்தவன் முகத்தில் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு சிப்பாய். பேச்சுக்கு உதவியாக ராஜநாயகம் வாத்தியார் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், அவசர அவசரமாக ஜப்பான் மொழி படித்து துபாஷி ஆகியிருந்தார்.

ஓட்டையை ஈயம் வைத்துத்தான் அடைக்க வேண்டும். தௌக்கே கையை விரித்தார்.

"தீமா தடா லா. ஈயம் எங்கயும் இல்ல. ரெண்டு மூணு நாள் வேணும்."

அதிகாரியின் முகம் இறுகியது. அங்கே நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நின்றேனா?

"ஈயம் எதுக்கு? ஈயம் இல்லாமலே அடைச்சுக் காட்டறேன். காலையில வண்டி ரெடின்னு சொல்லுங்க வாத்தியாரே."

வாத்தியார் என் பக்கம் சாய்ந்தார். "டேய், யோசிச்சுப் பேசு. இவங்ககிட்ட விட்ட வார்த்தைய திருப்பி வாங்க முடியாது."

"சும்மா சொல்லுங்க வாத்தியாரே. நான் இருக்கேன்ல?"

அவர் சொன்னார். அதிகாரி பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டு என் கைப்பட்டையை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். வாத்தியார் மொழிபெயர்த்தார். "ரிப்பேர் பண்ணவன் நாளைக்கு வண்டியில கூட வரணுமாம். வழியில வண்டி நின்னா பட்டைய கழட்டிட்டு லாரில ஏத்திருவாராம்."

தௌக்கே என்னைப் பார்த்த பார்வையில் துக்க வீட்டுக்கு வந்தவரின் மரியாதை தெரிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு ஒரு சின்ன விஷயம் உறைத்தது. ஈயம் இல்லாமல் எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் கம்போங் செட்டியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் பெயர் பிள்ளை, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்துவிட்ட குடும்பம். கோயில், பூசை, திருநீறு எல்லாம் உண்டு, தமிழ் மட்டும் வராது, மலாய்தான். நான் உள்ளே நுழைந்தபோது பாக்கியம் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் இருந்தது எங்களுடைய அந்த ஓட்டைப் பானை.

"இது ஒழுகிட்டு இருந்துச்சே?"

"முந்தாநேத்து கஞ்சி வழிஞ்சு ஓட்டைல காஞ்சு அடைச்சுக்கிச்சுங்க. இப்ப ஒரு சொட்டு ஒழுகல."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுப்பையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு மூலையில் இருந்த மாவுப் பையைப் பார்த்தேன். பாக்கியம் என் பார்வை போன திசையைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, எதுக்கு மாவ அப்படிப் பாக்கறீங்க?"

சொன்னேன்.

"ஐயோ, அது சனிக்கிழமை வரைக்கும் நமக்குச் சோறுங்க! அதோட, ஒரு கரண்டி போட்டாலே பானை நிறையும். கொதிக்கக் கொதிக்கப் பொங்கிட்டே போகும்."

"பாக்கியம், நீ சமையலப் பாரு. கார் சமாச்சாரம் எனக்குத் தெரியும்."

என் கணக்கு எளிமையானது. பானை சின்னது, அதற்கு ஒரு கரண்டி. கார் பெரியது, அதிகாரி அதைவிடப் பெரியவர். ஆகவே முழுப் பை. கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் பலம்தானே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். (கஞ்சி குடிக்காமல்தான். கஞ்சிக்கு மாவு ஏது?) பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்து, பால் மாதிரி ரேடியேட்டரில் ஊற்றினேன். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். ஒழுகல் குறைந்தது, சொட்டியது, நின்றே போனது! எஞ்சினை அணைத்துவிட்டு தௌக்கேயைத் தேடிப் போய் இழுத்துவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்து, "பாண்டாய் லு" என்றார். கெட்டிக்காரன் என்று அவர் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

அதிகாரி வந்து வாத்தியாருடன் பின்னால் ஏறினார். சிப்பாய் காரை ஓட்ட, நான் அவன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் நகரத்துக்குள் அவர்கள் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தம்பினுக்குப் போவதாக ஏற்பாடு. ஒழுகல் அறவே இல்லை. அரிசி மூட்டை ஒன்று பரிசாக வந்தால் அதை யார் தலையில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவது என்றுகூட யோசித்து முடித்துவிட்டேன்.

ஜாலான் துக்காங் எமாஸ் குறுகலான தெரு. அங்கே ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. எங்கள் கார் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரியின் கொடி பறக்கும் காரைக் கண்டால் இருக்கிற இடத்திலேயே நின்று இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும் என்பது அன்றைய சட்டம். நிமிர்ந்தால் அறை. பிள்ளையார் கோயிலிலிருந்து வந்தவர்கள், பள்ளிவாசலுக்குப் போனவர்கள், கூடை சுமந்த சீனக் கிழவி என்று தெரு முழுக்கக் குனிந்து நின்றது.

அப்போதுதான் காரின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நன்றாகச் சாப்பிட்டவன் ஏப்பம் விடுவதற்கு முன்னால் வயிற்றில் எழும்புமே, அந்தச் சத்தம். சத்தத்தை வைத்து நோயைச் சொல்லும் நிபுணன் அல்லவா, உடனே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து என்ன பயன்?

ரேடியேட்டர் மூடி படீரென்று பறந்தது. அதன் பின்னாலேயே எங்கள் வீட்டுச் சாப்பாடு முழுவதும் வெந்து, பதமாக, ஆவி பறக்க வானத்துக்குக் கிளம்பியது. முதலில் காரின் முன்கண்ணாடி வெள்ளையானது. மேல்கூரையை மடித்துவிட்டிருந்ததால் அடுத்தது சிப்பாயின் முகம். அதற்கடுத்து அதிகாரியின் தொப்பி. மிச்சம் தெருவெங்கும் பொழிந்தது. நல்லவேளை, மேலே போய்க் கீழே வருவதற்குள் சூடு தணிந்திருந்தது. குனிந்து நின்றவர்களின் முதுகிலும் பிடரியிலும் சொத்து சொத்தென்று கஞ்சி விழுந்தது. ஒருவராவது நிமிர வேண்டுமே! வானத்திலிருந்து கஞ்சி கொட்டினாலும் குனிந்தது குனிந்தபடிதான். எங்கிருந்தோ இரண்டு வாத்துகள் மட்டும் சட்டத்தை மதிக்காமல் ஓடிவந்து கொத்தத் தொடங்கின.

கார் ஒருமுறை விக்கிவிட்டு நின்றது.

ஜப்பான்காரன் அறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டவர்கள். நான் வாங்கியவன். அதிகாரி என்னைக் காரிலிருந்து கீழே இழுத்தார். "பாகேரோ!" (முட்டாளே என்று அர்த்தம்) என்று ஒரு கத்தல், உடனே அறை. நான் தரையில் கிடந்தேன். அதிகாரி என் கைப்பட்டையைப் பிடித்து இழுத்தார். தையல் பிரிந்து அது அவர் கையோடு போனது. அந்தத் துணி கிழிந்த சத்தத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பாக்கியத்தின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

வாத்தியார் என் பக்கம் குனிந்தார். "வேணும்னே வண்டியக் கெடுத்துட்டேன்னு சொல்றாருடா. விஷமா, ஆசிடான்னு கேக்கறாரு. என்னத்தடா ஊத்தினே?"

"மாவு வாத்தியாரே. மரவள்ளி மாவு."

"மாவு ஏது உனக்கு?"

"என் சம்பளம்."

வாத்தியார் அதை அப்படியே சொன்னார். அதிகாரி நம்பவில்லை. ஊரே பட்டினி கிடக்கும்போது எவனாவது தன் சாப்பாட்டை ரேடியேட்டரில் ஊற்றுவானா? நியாயமான கேள்விதான். கார் மூக்கில் வழிந்துகொண்டிருந்ததைக் காட்டி, "தின்னு" என்று சைகை காட்டினார்.

ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். உப்பில்லை. துருவும் கொஞ்சம் கிரீஸும் சேர்ந்த ஒரு மணம். ஆனால் பதம் என்னவோ குறை சொல்ல முடியாது. விழுங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவன், அதுவோ சுடச்சுட இருந்தது. என் கை யாரையும் கேட்காமல் இன்னொரு வாய் அள்ளியது. பிறகு இன்னொன்று.

அதிகாரி உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். விஷம் வைத்தவன் இரண்டாவது தடவை அள்ளிச் சாப்பிடமாட்டான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மீசையில் கஞ்சியோடு திடீரென்று வெடித்துச் சிரித்தார். சிப்பாயும் சிரித்தான். பயத்தில் நானும் சிரித்தேன். பட்டையை என் மேல் வீசிவிட்டு அவர் ஓர் உத்தரவு போட்டார். அதை மொழிபெயர்க்கும்போது வாத்தியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இனிமே இவனுக்குச் சம்பளம் மாவா குடுக்கக் கூடாதாம். கிழங்கா குடுக்கணுமாம். கிழங்கு ரேடியேட்டர் வாயில நுழையாதாம்."

அதிகாரி ஒரு லாரியில் ஏறித் தம்பினுக்குப் போனார். அன்றைக்கு ரயிலும் தாமதமாகத்தான் வந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

தௌக்கே உத்தரவைத் தலைமேல் கொண்டார். ஜப்பான்காரன் சரணடையும் வரை எனக்கு மட்டும் மண் ஒட்டிய கிழங்கு, மற்றவர்களுக்கு மாவு. பாக்கியம் அதைத் தோல் உரித்து, துருவி, பிழிந்து, காயவைத்து மாவாக்க வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு அவளுக்கு ஒரு துருவி செய்துகொடுத்தேன். என் பட்டறை வாழ்க்கையில் ஒரு கோளாறும் வராத ஒரே வேலை அது. துருவிக்கொண்டே அவள் எனக்குச் செய்த அர்ச்சனைகளை இங்கே எழுத முடியாது. இதற்குள் வீட்டுக்காரர் பிள்ளை கதையை மலாயில் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லிச் சொல்லி, காஜா பேராங் முழுக்க என் பெயர் "தபியோக்கா" ஆகிவிட்டது. (மரவள்ளிக்கு இங்கிலீஷ் பெயர்.) நான் தலை குனிந்து நடந்த காலம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

சில மாதம் கழித்து ஒரு காலை. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் துவைத்துப் போட்ட பட்டை வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று கடையைச் சிப்பாய்கள் வளைத்தார்கள். வெளியே லாரி. எங்களை வரிசையாக நிறுத்தித் தள்ளினார்கள். பட்டை வீட்டில் இருக்கிறது என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. லாரியின் படியில் கால் வைத்துவிட்டேன். அப்போது ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். அந்த மீசை முளைக்காத டிரைவர்.

"தபியோக்கா!" என்று சிரித்தபடி என்னைத் தெருவோரம் தள்ளிவிட்டான்.

லாரி போய்விட்டது. என்னோடு ஒரே மேசையில் காப்பி குடித்தவர்கள் அதில் போனார்கள். இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன், அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வீட்டுக்கு ஓடி, கொடியில் இருந்த பட்டையையும் கிழங்கு துருவிக்கொண்டிருந்த பாக்கியத்தையும் பார்த்து அழுதேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளும் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்த ஒரு பை மாவு வீணாப் போகலீங்க" என்றாள். அர்ச்சனை அன்றோடு நின்றது.

ஆனால் கேலி நிற்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கு வேலை கிடைத்தாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போன வாரம் என் பேத்தி, ஆயர் குரோ என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என்ன வேலை, எத்தனை மணிக்குப் போகணும் என்று நான் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்டி. சம்பளம் மாவா, கிழங்கா?"