உலகத்துக்கு மட்டும் திறந்த கணினி

வாசகரே, கணினி வள்ளல் என்றொரு இனம் உண்டு. மன்னார்க் கரையில் இப்போதைக்கு ஒருவர்தான் அகப்பட்டிருக்கிறார். அடியேன்.

கம்பஸ் முடித்து ஊருக்குத் திரும்பும்போது மற்றவன் சூட்கேஸ் கொண்டுவருவான். வள்ளலோ, கம்பஸ் கழித்துவிட்ட பாரமான கணினி ஒன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்தபடி இலுப்பைக்கடவையில் இறங்குவான், மீளக்குடியேறிக் கட்டின வீட்டுச் சுவருக்குப் பூச்சு முடியமுன்னம் அதற்கொரு மேசை செய்விப்பான், முருங்கை உச்சியில் இணைய டொங்கிளைக் கட்டுவான், பிறகு உலகத்துக்கு அறிவிப்பான்: கட்டற்ற மென்பொருள் எழுதுவோரே, இருந்த இடத்திலிருந்தே என் அபூர்வக் கணினிக்குள் நுழைந்து உங்கள் நிரல்களை இலவசமாகச் சோதியுங்கள்!

அப்படியென்ன அபூர்வம்? மற்றக் கணினிகள் ஓர் எண்ணைச் சின்னப் பக்கத்திலிருந்து, அதாவது கடைசி இலக்கத்திலிருந்து, சேமித்தால் இது பெரிய பக்கத்திலிருந்து சேமிக்கும். மற்றதில் ஓடுகிற நிரல் இதில் தடக்கி விழலாம். விழுந்தால்தானே பிழை தெரியும்? அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன்.

"விழுத்துறதுக்கோ இவ்வளவு தூரம் சுமந்து வந்தனீ?" என்று கேட்டா.

ஒருவரும் வரவில்லை. வள்ளல் தளர்வானா? ஊரின் முதல் பட்டதாரி சும்மா இருந்தால் வேலையில்லாதவன். கணினிக்கு முன்னால் சும்மா இருந்தால் ஆராய்ச்சியாளன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி கீர்த்திகாவுக்குப் பிரதேச செயலகத்தில் தட்டச்சுப் பரீட்சை வந்தது. தேறினால் வேலை. எங்கள் வீட்டின் முதல் மாதச் சம்பளம்.

"அண்ணா, கொஞ்சம் அடிச்சுப் பழகட்டே?"

"ஏலாது. வெளிநாட்டில இருந்து ஆரும் வரக்கூடும்."

"வந்தா எழும்பி இடம் குடுக்கிறன். அவைக்கு இருக்கக் கதிரை வேணுமெல்லோ?"

பல பேர் ஒரே நேரத்தில் பாவிக்கக்கூடிய கணினி அது. என் அறிவிப்பிலேயே அதைப் பெருமையாக எழுதியிருந்தேன். இருந்தாலும், விருந்தாளி வரமுன்னம் வீட்டார் பந்தியில் குந்துவதா? மறுத்துவிட்டேன். அவள் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்பிரா அக்காவிடம் போய்ப் பழகினாள்.

பரீட்சையன்று காலை ஜேர்மன்காரர் ஒருவர் கணினிக்குள் வந்தேவிட்டார். அவர் என்னைப் பார்க்கமாட்டார் என்று தெரிந்தும் தோய்த்த சேட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். சோதித்து முடித்து எழுதினார்: "நிரல் பிழையில்லாமல் ஓடுகிறது, நன்றி. ஆனால் இந்த வகைக் கணினியை இப்போது எவரும் பாவிப்பதாகத் தெரியவில்லை. அதனால் அடுத்த பதிப்பில் இதற்கான ஆதரவைக் கைவிட யோசிக்கிறோம். உங்களிடம் அன்றாடம் பாவிக்கிறவர் ஒருவராவது இருந்தால் சொல்லுங்கள், வைத்திருப்போம்."

வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். கீர்த்திகா முதல் பஸ்ஸிலேயே போயிருந்தாள்.

அவள் தேறிவிட்டாள். இப்போது வேலைக்கு வெளிக்கிடும்போது, "அண்ணா, ஆரும் வந்தவையே?" என்று விசாரித்துவிட்டுத்தான் படலையைச் சாத்துகிறாள்.

சிரிக்கிறீர்களா வாசகரே? நல்லது. எழும்பிப் போய் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கோ. விருந்தாளிக்கென்று அடுக்கி வைத்திருக்கிற அந்தப் பூப்போட்ட கோப்பைகளில், உங்கள் வீட்டு ஆட்கள் கடைசியாக எப்போது தேத்தண்ணி குடித்தவை?